அக்காவிடம் ஒரு சாவி

மின்சாரம் எல்லா வீட்டிலும் போயிருக்கிறதா, தன் வீட்டில் மட்டுமா என்று பார்க்கத்தான் அவள் வெளியே வந்தாள். படிக்கட்டுக்குப் பக்கத்திலிருந்த மீட்டர் பெட்டியைத் திறந்து, கீழே விழுந்து கிடந்த சுவிட்சை மேலே தூக்கிவிட்டாள். உள்ளே மின்விசிறி சுற்றத் தொடங்குவது கேட்டது. அந்த நேரம் பார்த்து பால்கனிப் பக்கமிருந்து வந்த காற்று கதவை அறைந்து சாத்தியது.

தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. உள்ளே இருப்பவர்கள் குமிழைத் திருப்பினால் திறக்கும். வெளியே நிற்பவர்களுக்குச் சாவி வேண்டும். சாவி உள்ளே, செருப்பு அலமாரியின் மேல், கைபேசிக்குப் பக்கத்தில் இருந்தது. கணவன் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தான். வார இறுதியில்தான் வருவான்.

கதவில் உள்ளங்கையை வைத்து ஒருமுறை தள்ளினாள். அது அசையாது என்று தெரியும். இருந்தாலும் எல்லோரும் அப்படித் தள்ளித்தான் பார்ப்பார்கள் போலிருக்கிறது. தன் வீட்டுக் கதவை இவ்வளவு நேரம் வெளியில் நின்று பார்த்ததே இல்லை என்று தோன்றியது. கதவின் பார்வைத் துளைக்குக் கீழே பெயிண்ட் உரிந்திருந்தது. அழைப்பு மணியின் பொத்தானில் தூசி படிந்திருந்தது. வருகிறவர்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றிருப்பார்கள். வருகிறவர்கள் என்று யாரும் அதிகமில்லை.

எதிர் வீட்டில் தையல் மெஷின் நின்றது. கதவு திறந்து, கழுத்தில் அளவு நாடாவோடு எதிர் வீட்டு அம்மா எட்டிப் பார்த்தாள். வாயில் குண்டூசிகள் இருந்தன. அவற்றை எடுத்துப் புடவைத் தலைப்பில் குத்திக்கொண்டு பேசினாள்.

"என்னம்மா, சாத்திக்கிச்சா?"

"ஆமாம்மா. சாவி உள்ள."

"போன மாசம் மூணாவது மாடி சார் இப்படித்தான். இடுப்புல துண்டு மட்டும். நீங்க பரவாயில்ல, நைட்டியாவது போட்டிருக்கீங்க." தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள். "தெருமுனையில பூட்டு ரிப்பேர் பண்றவர் ஒருத்தர் இருக்கார். வந்தா அஞ்சு நிமிஷ வேலை. கூப்பிடவா?"

"வேண்டாம்மா. அக்காகிட்ட ஒரு சாவி இருக்கு."

சொல்லிவிட்ட பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது. யோசித்துச் சொன்ன பதில் இல்லை. நாக்கின் நுனியில் வெகுநாளாகக் காத்திருந்ததுபோல் வந்து விழுந்தது.

"உங்களுக்கு அக்கா இருக்காங்களா? நான் குடிவந்ததுலேர்ந்து பார்த்ததே இல்லையே."

"கொஞ்சம் தூரத்துல இருக்கா."

எதிர் வீட்டு அம்மா தன் கைபேசியை நீட்டினாள். எண்ணை அழுத்தும்போது அவள் கவனித்தாள்: கணவனின் எண் கூட அவளுக்கு மனப்பாடமாகத் தெரியாது. எல்லாம் கைபேசிக்குள் பெயர்களாகக் கிடந்தன. கையால் அழுத்தி அழுத்திப் பழகிய எண் இந்த ஒன்றுதான். விரல் தயங்கவே இல்லை. மற்றதெல்லாம் தயங்கியது.

அவள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். கூட்டங்களின், நேர்காணல்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு, பேசியதைப் பேசியபடி எழுதித் தரும் வேலை. யாராவது பேச்சை நிறுத்தினால் அங்கே ஒரு கோடு போட வேண்டும். சின்ன நிறுத்தத்துக்குச் சின்னக் கோடு, பெரியதற்குப் பெரியது. வருடக் கணக்காக அப்படிக் கேட்டுக் கேட்டு, சாதாரணப் பேச்சிலும் அவளுக்குக் கோடுகள் கண்ணில் தெரியும்.

"ஹலோ, யாரு பேசறீங்க?" அறிமுகமில்லாதவர்களிடம் அக்கா பேசும் குரல்.

"நான்தான்."

பெரிய கோடு.

"இது யாரு நம்பர்?"

"எதிர் வீட்டு அம்மாவோடது. கதவு சாத்திக்கிச்சு, சாவி உள்ள மாட்டிக்கிச்சு. உன்கிட்ட ஒண்ணு..."

"இருக்கு." கேள்வி முடிவதற்குள் வந்த பதில். "என் கொத்துலயேதான் இருக்கு. அடுப்பு எரியுதா?"

"இல்ல."

"குழாய்?"

"மூடித்தான் இருக்கு."

"இஸ்திரிப் பெட்டி?"

"அக்கா..."

"சரி, சரி. கடையில சொல்லிட்டு வர்றேன். எங்கயும் போயிடாத."

"எங்க போறது? கால்ல செருப்பு கூட இல்ல."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது. சிரிக்கக்கூடாது என்று நினைத்திருந்தவள் மூக்கு வழியாகச் சிரித்துவிட்ட சிரிப்பு. கைபேசியைத் திருப்பிக் கொடுத்தபோது எதிர் வீட்டு அம்மா இவள் முகத்தைப் பார்த்து, "பரவாயில்லையே, பூட்டிக்கிட்டு வெளிய நிக்கற முகம் மாதிரி இல்லையே" என்றாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். அவள் படியிலேயே இருக்கிறேன் என்றாள். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

படியில் உட்கார்ந்திருந்தாள். பயமாக இருக்க வேண்டிய நேரம். எரிச்சலாவது வந்திருக்க வேண்டும். அரைகுறையாக விட்ட வேலை உள்ளே திறந்தபடி கிடந்தது. ஆனால் மனம் துள்ளிக்கொண்டிருந்தது. கூப்பிட ஒரு காரணம் கிடைத்துவிட்டது. இந்தக் காரணத்தை யாரும் குறை சொல்ல முடியாது. மன்னிப்பும் கேட்க வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். கதவு சாத்திக்கொண்டது, அவ்வளவுதான்.

அவளுக்கும் அக்காவுக்கும் நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. ஏழாவது மாதத்தில் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வெறும் கையோடு திரும்பினாள். அவள் வருவதற்கு முன் அக்கா தன்னிடமிருந்த சாவியால் வீட்டைத் திறந்து, பெருக்கித் துடைத்து, சமைத்து வைத்திருந்தாள். படுக்கையறை அலமாரியின் கீழ்த் தட்டைக் காலி செய்து, புதுக் காகிதம் விரித்து, அதில் போர்வைகளை அடுக்கியிருந்தாள். அந்தத் தட்டில்தான் சின்னத் துணிகள் இருந்தன. கண்ணில் படாமல் இருந்தால் நல்லது என்று நினைத்திருக்கிறாள்.

அவள் தட்டின் முன் உட்கார்ந்து போர்வைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டாள். பிறகு சமையலறைக்குப் போய், "யாரைக் கேட்டு எடுத்த? இது என் வீடு. இனிமே வரணும்னா மணி அடிச்சிட்டு வா" என்றாள். குரலைக்கூட உயர்த்தவில்லை. அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். கை கழுவினாள். கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள். அதன்பின் மணி அடிக்கவில்லை.

அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்க இவள் ஆயிரம் முறை நினைத்திருப்பாள். கைபேசியில் எழுதிப் பார்த்து அழித்ததுண்டு. இந்த மௌனத்தில் அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல், அக்கா சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை என்பதுதான். கோபம் முழுதாக இருந்தால் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருப்பாளே. தூக்கம் வராதபோதெல்லாம் இதையே பிடித்துக்கொள்வாள். சாவி அக்காவிடம் இருக்கிறது. நினைத்தால் ஒரு நாள் கேட்காமல் கொள்ளாமல் திறந்துகொண்டு வந்து, பாத்திரம் ஏன் இப்படிக் கிடக்கிறது என்று திட்டுவாள். வேலை நடுவில் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு வாசல் பக்கம் செவிகொடுத்த நாட்களும் உண்டு.

அக்கா லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறி வந்தாள். முதலில் மூச்சுதான் வந்தது. பிறகு மூக்குக்கண்ணாடிக் கடைச் சீருடை, நெற்றியில் வியர்வை, ஒரு கையில் துணிப்பை. கொஞ்சம் இளைத்திருந்தாள். அவள் எழுந்து நின்றாள். கட்டிக்கொள்ளலாமா என்று இருவருக்கும் தெரியவில்லை. அந்தத் தடுமாற்றத்தை அக்காவே தாண்டினாள்; பையிலிருந்து ஒரு ஜோடி பழைய செருப்பை எடுத்துப் படியில் போட்டாள்.

"முதல்ல இதை மாட்டு. தரை எப்படிக் கிடக்குது பாரு."

"இதைத் தூக்கிட்டா வந்த?"

"வெறுங்காலோட நிக்கறேன்னு நீதானே சொன்ன? வாலு, உனக்கு இந்த வயசுலயும் ஒரு கதவோட சேர்ந்து வாழத் தெரியல."

வாலு. வேறு யாரும் அவளை அப்படிக் கூப்பிடுவதில்லை. குனிந்து செருப்பை மாட்டினாள். ஒரு அளவு பெரியது.

"காத்துல சாத்திக்கிச்சு, நான் என்ன பண்றது?"

"காத்து மேல பழி போடு. சின்ன வயசுல பூனை மேல போடுவ." அக்கா கைப்பைக்குள் கையைவிட்டுக் கொத்தை எடுத்தாள். தன் வீட்டுச் சாவி, கடைச் சாவி, பீரோச் சாவி. அவற்றுக்கு நடுவில் தேய்ந்த பித்தளைச் சாவி ஒன்று. தேடாமலே அது அவள் விரலுக்கு வந்தது. "நகரு, வெளிச்சத்தை மறைக்காத."

அக்கா பூட்டுக்கு முன் குனிந்தாள். அந்தக் குனிந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

அக்கா வராமல் போனதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தில் பழைய பூட்டு இறுகிப்போயிற்று. ஒரு விடுமுறை நாளில் கணவன் அதைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டினான். அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து திருகாணிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தாள். மூன்று சாவிகள் வந்தன. அவனுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, மூன்றாவது சமையலறை இழுப்பறைக்குப் போனது. அன்றைக்கும் அதற்குப் பிறகும், அக்காவிடம் சாவி இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டேதான் இருந்தாள். அந்தச் சாவி ஒரு பூட்டுக்கு உரியது, அந்தப் பூட்டு இப்போது கதவில் இல்லை என்பது மட்டும் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. இரண்டும் அவள் மனதில் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்ததே இல்லை.

சொல்லியிருக்க வேண்டும். அந்த நொடியில், அக்காவின் கை பூட்டைத் தொடுவதற்கு முன். வாய் திறக்கவில்லை. ஒருவேளை கதவு திறந்துவிடும் என்று நினைத்தாளா? இல்லை. இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். செருப்பு கொண்டுவந்த அக்கா இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கட்டும்.

சாவி பாதி நுழைந்து நின்றது. அக்கா அதை எடுத்து, சீருடையின் ஓரத்தில் துடைத்து, மறுபடி நுழைத்தாள்.

"மண்ணு அடைச்சிருக்கோ என்னமோ."

தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். ஊதினாள். கதவைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு முயன்றாள். "எதிர் வீட்டுல தையல் மெஷின் இருக்கு இல்ல? கொஞ்சம் எண்ணெய் கேளேன்."

"அக்கா."

"ரெண்டு சொட்டு போதும்."

"அக்கா, விடு."

அந்தக் குரலில் அக்கா எதையோ கேட்டுவிட்டாள். கையை எடுக்காமல், பூட்டை இன்னும் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். நாள் முழுதும் கண்ணாடிச் சட்டங்களின் சின்னத் திருகாணிகளைப் பார்க்கிற கண். பளபளப்பான தகடு. அதன் ஓரத்தில், பழைய தகடு இருந்த இடத்தில், பெயிண்ட் படாத ஒரு வெளிர்க் கோடு.

"பூட்டு புதுசா?"

"ஆமா."

"எப்போ மாத்தினது?"

போன வாரம்தான் என்று சொல்லியிருக்கலாம். அக்கா நம்பியிருக்க மாட்டாள். ஆனால் நம்பியதுபோல் இருந்திருப்பாள். "மழை சமயத்துல" என்றாள் அவள். "பழசு இறுகிப்போச்சு. அவர்தான் மாத்தினார். அக்கா, வேற எதுக்காகவும் இல்ல. எனக்கு ஞாபகமே இல்ல. சத்தியமா மறந்துட்டேன்."

"நல்லதுதான்" என்றாள் அக்கா, நிமிர்ந்துகொண்டே. "பழசு ஒரு மாதிரிதான் இருந்துச்சு. எப்பவோ மாத்தியிருக்கணும்."

கோபம் இல்லை. அக்காவுக்குக் கோபம் இருந்திருந்தால் இவள் அதைப் பிடித்துக்கொண்டு ஏதாவது பேசியிருப்பாள். அக்காவின் முகத்தில், கடைக்கு வருகிறவர்களிடம் காட்டும் அந்தப் பொறுமை வந்து உட்கார்ந்துகொண்டது. மறந்துவிட்டேன் என்று சொன்னது எவ்வளவு மோசம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வேண்டுமென்றே மாற்றினேன் என்றால் அதில் அக்காவுக்கு ஒரு இடமாவது இருந்திருக்கும். மறந்துவிட்டேன் என்றால்? அக்கா அந்தச் சாவியைத் தினமும் கையில் எடுத்திருக்கிறாள்.

"நான் நினைச்சேன், நீ என்னிக்காவது..." என்று தொடங்கினாள். நீ என்றைக்காவது திறந்துகொண்டு வருவாய் என்று காத்திருந்தேன். திறக்க முடியாத கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு. அதை எப்படிச் சொல்வது?

"பூட்டுக்காரர் யாராவது இருக்காங்களா, கேக்கலாம்" என்றாள் அக்கா.

எதிர் வீட்டு அம்மா கைபேசியில் கூப்பிட, பூட்டுக்காரர் கொஞ்ச நேரத்தில் வந்தார். நரைத்த மீசை, தோளில் ஒரு பை. கதவைப் பார்த்தார், இரண்டு பெண்களைப் பார்த்தார்.

"வீடு யாருது?"

"என்னோடது."

"அடையாளம் ஏதாவது இருக்கா? தப்பா எடுத்துக்காதீங்க. போன தடவை ஒருத்தன் மாமனார் வீட்டைத் திறக்க வச்சுட்டான். நான்தான் ஸ்டேஷன்ல போய் உக்காந்தேன்."

"எல்லாம் உள்ள இருக்கு."

"நான் இவளோட அக்கா" என்றாள் அக்கா. "இது இவ வீடுதான்."

பூட்டுக்காரர் அக்காவின் கையில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த கொத்தைப் பார்த்தார். "அக்காங்கறீங்க. சாவி சேரலையே." வேடிக்கையாகத்தான் சொன்னார். யாரும் சிரிக்காததைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

"நான் சொல்றேன் கேளுங்க" என்று எதிர் வீட்டு அம்மா முன்னால் வந்தாள். "நான் தினம் பார்க்கறேன். இவங்க வீடுதான். வீட்டுக்காரர் உயரமா இருப்பார், வெளியூர் போயிருக்கார். இந்த அக்காவை எனக்குத் தெரியாது. ஆனா இவங்களை நல்லாத் தெரியும்."

"அது போதும்" என்றார் பூட்டுக்காரர்.

அக்கா தலையாட்டினாள். எதிர் வீட்டு அம்மாவைப் பார்த்து, "ரொம்ப நன்றிங்க" என்றும் சொன்னாள்.

அவர் பையிலிருந்து மெல்லிய தகடு ஒன்றை எடுத்துக் கதவிடுக்கில் செருகி, தோளால் லேசாக இடித்தார். அந்த நேரத்தில் அக்கா கொத்திலிருந்து பித்தளைச் சாவியைக் கழற்றப் பார்த்தாள். வளையம் இறுக்கமாக இருந்தது. நகத்தை நுழைத்தாள். நகம் மடங்கியது.

"வலிக்கும் அக்கா. விடு, இருக்கட்டும்."

"சும்மா எதுக்கு, கனம்தானே."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்துகொண்டது. இவ்வளவு எளிதாகவா என்று அவளுக்குக் கோபம் வந்தது. பூட்டுக்காரர் அக்காவின் கையிலிருந்து கொத்தை வாங்கி, குறடால் வளையத்தை அகட்டிச் சாவியை எடுத்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நீட்டினார்.

"இது யாருக்கு?"

யாரும் கை நீட்டவில்லை. ஒரு பெரிய கோடு போடும் அளவு நேரம் போயிற்று.

"அப்ப நான் எடுத்துக்கறேன். பித்தளைதானே, எதுக்காவது ஆகும்." சாவி அவர் பைக்குள் மற்ற இரும்புகளோடு போய் விழுந்தது. கிளம்பும்போது, "வெளியில யார்கிட்டயாவது ஒரு சாவி குடுத்து வைங்கம்மா. நம்பிக்கையான ஆளாப் பார்த்து" என்றார்.

"உள்ள வா" என்றாள் அவள். "டீ போடறேன்."

அக்கா வாசலுக்கு வெளியே நின்றாள். அங்கிருந்து கூடம் தெரியும். படுக்கையறையின் பாதி தெரியும். அக்காவின் பார்வை எங்கும் போகவில்லை. "கடையில ஒரு மணி நேரம்தான் சொல்லிட்டு வந்தேன். இன்னொரு நாள் பார்க்கலாம்." பிறகு, வேறெங்கோ பார்த்தபடி, "அந்தச் சின்னத் துணியெல்லாம் என்கிட்டதான் இருக்கு. துவைச்சு பரண்ல வச்சிருக்கேன். உன் வீட்டுக்காரரை ஒரு நாள் வந்து வாங்கிக்கச் சொல்லு" என்றாள்.

அவள் செருப்பைக் கழற்றினாள். அக்கா குனிந்து அதைத் தட்டி, பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம் இரு அக்கா. ஒரே நிமிஷம்."

சமையலறைக்கு ஓடி இழுப்பறையைத் திறந்தாள். தீப்பெட்டிகள், ரப்பர் வளையங்கள், தீர்ந்துபோன பேட்டரிகள். அடியில், கடையில் கோத்துக் கொடுத்த கம்பியோடு மூன்றாவது சாவி. எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அக்கா லிஃப்டுக்குள் நின்றிருந்தாள். இவள் கையைக் குறுக்கே வைத்துக் கதவை நிறுத்தினாள்.

"இது உனக்கு. எப்ப வேணும்னாலும் வா. மணி அடிக்க வேண்டாம். நான் வீட்ல இல்லாதப்பகூட வா."

அக்கா சாவியைப் பார்த்தாள். நல்ல வெளிச்சமில்லாத லிஃப்டிலும் அது புதிதாக மின்னியது. ஒரு கணம் அக்காவின் கை அசைந்தது. கைப்பையின் வாரைச் சரிசெய்யத்தான்.

"நான் வர்றதுக்கே எவ்வளவு நேரமாச்சு பார்த்த இல்ல? எதிர் வீட்டு அம்மாகிட்ட குடு. அதான் வசதி. நல்ல மாதிரியாத் தெரியறாங்க." பேச்சில் ஒரு குத்தலும் இல்லை. முழுக்க முழுக்க நல்ல யோசனை. "வெறுங்கால்ல நிக்காத. உள்ள போ."

அவள் கையை எடுத்தாள். லிஃப்ட் மூடிக்கொண்டு இறங்கியது.

வீடு பின்னால் திறந்திருந்தது. மறுபடி காற்று வந்து சாத்திவிடக்கூடும் என்று ஒரு நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். அதைச் செய்யும்போது எதையும் யோசிக்கவில்லை. பிறகு யோசிக்க நிறைய நேரம் இருக்கும்.

எதிர் வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தட்டினாள்.

"திறந்துதான் இருக்கு, வாங்க. போயிட்டாங்களா அக்கா? பாவம், வந்ததும் போயிட்டாங்களே."

"வேலை இருக்காம். இதை உங்ககிட்ட வச்சிருக்க முடியுமாம்மா?"

எதிர் வீட்டு அம்மா காலை மிதியிலிருந்து எடுத்து, துணியை ஒதுக்கிவிட்டு, சாவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கம்பியை விரலில் சுற்றிப் பார்த்தாள். பெருமையாக இருந்திருக்க வேண்டும், முகம் கனிந்திருந்தது.

"பத்திரமா இருக்கும். நீங்க கவலையே படாதீங்க" என்றாள். "உங்களைக் கேக்காம நான் உள்ள காலடி எடுத்து வைக்க மாட்டேன்."

அவள் சரி என்று தலையசைத்தாள். ஆனால் போகாமல் அங்கேயே நின்றாள். எதிர் வீட்டு அம்மா சற்று நேரம் பார்த்துவிட்டு, மெஷினை ஓட்டத் தொடங்கினாள்.